சண்டை மிஷனா, புதிர் மிஷனா? குழு விளையாட்டுகளுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூன்று முதல் ஆறு பேர் வரை கொண்ட ஒரு குழுவை உங்கள் பொறுப்பில் கொடுத்து, எதிரிகள் நிறைந்த ஓர் இடத்தில் இறக்கிவிடும் வீடியோ கேம்கள் நிறைய உண்டு. முதல் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். மேலிருந்து பார்க்கும் கோணம், ஆயுதம் ஏந்திய வீரர்கள், சுற்றிலும் காவல். ஆனால் உள்ளே இறங்கினால் இரண்டு வேறு உலகங்கள். ஒன்று சண்டை மிஷன்: எதிரியும் சுடுவான், நீங்களும் சுடுவீர்கள், இழப்பைக் குறைத்துக்கொண்டு வெல்ல வேண்டும். மற்றது புதிர் மிஷன்: எதிரிகள் ஒரு பூட்டின் உறுப்புகளைப் போல ஒன்றோடொன்று கோத்து நிற்பார்கள், சரியான வரிசையில் நகர்த்தினால்தான் வழி திறக்கும்.

புதிதாக ஆடுபவர்கள் திணறுவதைப் பார்த்தால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஒரு வகைக்குப் பொருத்தமான பழக்கத்தை மற்ற வகைக்குள் எடுத்துச்செல்கிறார்கள். புதிர் மிஷனில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். சண்டை மிஷனில் ஒரே ஒரு சரியான விடை இருப்பதாக நினைத்து, ஒவ்வொரு தோட்டா தவறும்போதும் சேவ் செய்த இடத்துக்குத் திரும்புகிறார்கள். இரண்டுமே விளையாட்டின் சுவையைக் கெடுத்துவிடும். ஆகவே எந்த வகை மிஷனில் இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

முதல் படி: குழுவைத் தேர்ந்தெடுத்தது யார் என்று பாருங்கள்

மிஷன் திறந்ததும் யாரையும் நகர்த்தாதீர்கள். இந்த ஆட்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஃபிராக்ஸிஸ் நிறுவனம் 2012இல் வெளிக்கொண்டுவந்த எக்ஸ்காம்: எனிமி அன்னோன் விளையாட்டில், முகாமில் இருக்கும் வீரர்களில் யாரை அனுப்புவது என்பதைப் பெரும்பாலும் நீங்களே முடிவு செய்கிறீர்கள். தொடக்கத்தில் 4 பேர், போகப்போக 6 பேர் வரை. ஒருவர் காயம்பட்டுச் சிகிச்சையில் இருந்தால் இன்னொருவர் போவார். களத்தில் ஒருவர் இறந்தாலும் மிஷன் நிற்காது. எந்தத் தனி ஆளையும் நம்பி அந்த மிஷன் அமைக்கப்படவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. அப்படியானால் அது சண்டை மிஷன்.

இப்போது 1998இல் ஸ்பெயினின் பைரோ ஸ்டூடியோஸ் உருவாக்கிய கமாண்டோஸ்: பிஹைண்ட் எனிமி லைன்ஸ் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போர்க்களம். ஒவ்வொரு மிஷனுக்கும் யார் வருவார்கள் என்பதை விளையாட்டே தீர்மானிக்கிறது. கிரீன் பெரே கத்தியால் சத்தமின்றிக் கொல்வார், உடலைத் தூக்கிச் சென்று மறைப்பார். மரைன் நீருக்கடியில் நீந்துவார், காற்றடைத்த படகை வைத்திருப்பார். சாப்பர் வெடி வைப்பார், கம்பி வேலியை வெட்டுவார். உளவாளி ஜெர்மன் சீருடையில் காவலர் நடுவே நடமாடுவார். ஸ்னைப்பரிடம் எண்ணிக்கொடுத்த சில தோட்டாக்களே இருக்கும். ஓட்டுநர் எதிரியின் வண்டியையே ஓட்டிக்கொண்டு வருவார். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய முடியாது. ஒருவர் இறந்தால் மிஷனே தோல்வி.

இந்த வகையில், உங்களிடம் தரப்பட்ட ஒவ்வொரு ஆளும் ஒரு துப்பு. மரைனைக் கொடுத்திருக்கிறார்களா? எங்கோ கடந்தே ஆக வேண்டிய தண்ணீர் இருக்கிறது. ஓட்டுநர் இருக்கிறாரா? வரைபடத்தில் நிற்கும் வண்டிகளைத் தேடுங்கள், பெரும்பாலும் தப்பிப்பது அதில்தான். ஸ்னைப்பரிடம் எத்தனை தோட்டா என்று பார்த்துவிட்டு, வேறு யாராலும் நெருங்க முடியாத காவலர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்களும் வியப்பூட்டும் அளவுக்கு நெருங்கி வரும்.

வேறு அடையாளங்களும் உண்டு. சுடுவதற்கு முன் திரையில் சதவீதம் தெரிந்தால், அங்கே அதிர்ஷ்டத்துக்கு இடம் இருக்கிறது. பெரும்பாலும் சண்டை மிஷன். மிஷனை மறுபடி தொடங்கும்போது எல்லாக் காவலர்களும் அதே இடத்தில் அதே நடையைத் தொடங்கினால் புதிர். நீங்கள் மூன்று பேர், எதிரிகள் நாற்பது பேர் என்றால், சுட்டுத் தீர்ப்பதற்காக யாரும் அப்படி அமைத்திருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. தோற்றத்தை நம்பிவிடக் கூடாது. 2018இல் வந்த இன்டு தி பிரீச் விளையாட்டில் பிரம்மாண்டமான இயந்திர மனிதர்கள் மூன்று பேர் பூதாகாரப் பூச்சிகளோடு மோதுகிறார்கள். பார்த்தால் அப்பட்டமான சண்டை. ஆனால் 8க்கு 8 கட்டங்கள் கொண்ட அந்தச் சிறிய பலகையில், எந்தப் பூச்சி அடுத்து எந்தக் கட்டத்தைத் தாக்கப் போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். கொல்வது இரண்டாம்பட்சம். ஒரு பூச்சியை ஒரு கட்டம் தள்ளிவிட்டால், அது கட்டடத்துக்குப் பதிலாகத் தன் கூட்டாளியையே தாக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். அது புதிரேதான், வேடம் மட்டும் சண்டையுடையது.

சண்டை மிஷனை ஆடும் விதம்

சண்டை மிஷனில் உங்கள் திட்டம் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் பொய்த்துப்போகும். பொய்த்துப்போனாலும் குழு நிற்கும்படி ஆடுவதே திறமை. எக்ஸ்காமை வைத்தே சொல்கிறேன். இந்த வகையில் மற்ற விளையாட்டுகளுக்கும் பெரும்பாலும் இதே தர்க்கம்தான்.

மறைவில்லாமல் எந்த வீரரின் நகர்வையும் முடிக்காதீர்கள். எக்ஸ்காமில் அரை மறைவு எதிரியின் குறியை 20 புள்ளி குறைக்கிறது, முழு மறைவு 40. புதிய வீரர் ஒருவரின் அடிப்படைக் குறித்திறன் 65. தூரத்தின் கணக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அரை மறைவில் இருக்கும் எதிரியை அவர் சுட்டால் படுவதற்கு 45 சதவீத வாய்ப்புதான். அப்படி மூன்று பேர் சுட்டும் மூன்றுமே தவறுவதற்கு ஏறத்தாழ ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. நீண்ட ஆட்டத்தில் அது அடிக்கடி நடக்கும். நடக்கும்போது விளையாட்டு ஏமாற்றுகிறது என்று தோன்றும். ஏமாற்றவில்லை. மூன்றும் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உங்களிடம் பதில் இல்லாததுதான் சிக்கல்.

மறைவு எந்தத் திசையிலிருந்து காக்கிறது என்பதும் முக்கியம். சுவருக்குப் பின்னால் நிற்கும் எதிரியின் பக்கவாட்டுக்குப் போய்விட்டால் அந்தச் சுவர் இருந்தும் இல்லாததுபோல்தான். பலத்த காயம் ஏற்படுத்தும் வாய்ப்பும் கூடும். அதே விதி எதிரிக்கும் பொருந்தும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இருட்டான, இன்னும் பார்க்காத பகுதிக்குள் கால் வைப்பதென்றால், அந்த முறையின் (நீங்களும் எதிரியும் மாறி மாறி ஆடுவதில் உங்கள் ஒரு சுற்றின்) முதல் ஆளை வைத்தே செய்யுங்கள். இதைப் புதியவர்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் தகும். எக்ஸ்காமில் எதிரிகள் சிறு கூட்டங்களாக இருக்கிறார்கள். நீங்கள் ஒரு கூட்டத்தைக் கண்ட கணமே, அவர்களுக்கு இலவசமாக ஒரு நகர்வு கிடைக்கிறது; சிதறி ஓடி மறைந்துகொள்வார்கள். முதல் ஆளை வைத்துப் பார்த்திருந்தால், மீதமுள்ள எல்லாரும் பதில் சொல்ல இருப்பார்கள். எல்லாரையும் நகர்த்திவிட்டுக் கடைசி ஆளை இரண்டு அடி முன்னால் வைத்துக் கூட்டத்தை எழுப்பினால், அவர்கள் மறைந்துகொண்டு, அடுத்து அவர்கள் முறையில் சுடவும் செய்வார்கள். உங்கள் பக்கம் ஒருவருக்கும் செயல் மிச்சம் இருக்காது. குழு முழுவதும் அழிந்த கதைகளில் பாதி இந்த ஒரு நகர்வில் தொடங்குகின்றன.

ஒரு முறைக்குள் செயல்களின் வரிசை அடுத்தது. நிச்சயமானதை முதலில் செய்யுங்கள், சந்தேகமானதைப் பின்னால் வையுங்கள். இந்த விளையாட்டில் கையெறி குண்டு தவறுவதில்லை. 3 புள்ளி சேதம் தரும், பல மறைவுகளையும் தகர்த்துவிடும். சாதாரண நிலையில் செக்டாய்டு எனப்படும் சிறு வேற்றுக்கிரக எதிரியின் உயிரும் 3தான். அதனால் முதல் சில மிஷன்களில் ஒரு குண்டு ஓர் எதிரிக்குச் சமம். குண்டு வீசிக் கொன்றால் அவன் விட்டுச்செல்லும் ஆயுதத் துண்டுகள் கிடைக்காது. ஆராய்ச்சிக்கு அவை தேவை. இருந்தாலும் புதியவர்களுக்கு என் ஆலோசனை, குண்டை வீசுங்கள் என்பதே. துண்டுகளை அடுத்த மிஷனில் சேர்க்கலாம், இறந்த வீரர் திரும்ப மாட்டார்.

குண்டு, பிறகு பக்கவாட்டில் நிற்பவர், பிறகு உயர்ந்த சதவீதம் உள்ளவர், கடைசியில் எதையும் செய்யக்கூடிய நிலையில் இருப்பவர். அந்தக் கடைசி ஆளைக் கையில் வைத்திருப்பது முக்கியம். முன்னால் சுட்டவர்கள் தவறவிட்டதை அவர் சரிசெய்வார். எல்லாம் நன்றாக முடிந்திருந்தால் ஓவர்வாட்ச் போட்டுவிட்டு நிற்பார். எதிரி நகரும்போது தானாகச் சுடுவார்.

பின்வாங்குவதும் ஓர் நகர்வுதான். எதிரியின் பார்வையை விட்டு விலகி, மூலை திரும்பி, அங்கே எல்லாரையும் ஓவர்வாட்சில் நிறுத்தினால், துரத்தி வருபவர்கள் நேராக உங்கள் துப்பாக்கி முனைக்கு வருவார்கள். நிலைமை கைமீறினால் வந்திறங்கிய விமானத்துக்கே திரும்பி மிஷனைக் கைவிடவும் பல மிஷன்களில் வழி உண்டு. மூன்று அனுபவசாலிகளைக் காப்பாற்றிக்கொண்டு தோற்பது, மூவரையும் இழந்து வெல்வதைவிட மேல்.

சேவ் பற்றி ஒன்று. எக்ஸ்காமில் நீங்கள் சேவ் செய்த இடத்துக்குத் திரும்பி, அதே செயலை அதே வரிசையில் செய்தால் அதே விளைவுதான் வரும். பகடை ஏற்கெனவே உருட்டப்பட்டுவிட்டது. ஆகவே தவறிய அதே தோட்டாவை மறுபடி மறுபடி சுடுவதில் பயனில்லை. சண்டை மிஷனில் ஒவ்வொரு மிஷனின் தொடக்கத்திலும் ஒரு சேவ் வைத்துக்கொண்டு, நடுவில் வருவதை ஏற்று ஆடிப் பழகுங்கள். காயம்பட்ட குழுவை வீடு கொண்டுவந்து சேர்க்கும் மிஷன்கள்தான் பின்னால் நினைவில் நிற்கும். பழைய சேவுக்குத் திரும்ப முடியாத அயர்ன்மேன் முறையை மட்டும் முதல் ஆட்டத்தில் தொட வேண்டாம்.

புதிர் மிஷனை ஆடும் விதம்

இங்கே பொறுமைதான் ஆயுதம். மியூனிக் நகரின் மிமிமி கேம்ஸ் உருவாக்கி 2016இல் வெளிவந்த ஷேடோ டாக்டிக்ஸ்: பிளேட்ஸ் ஆஃப் தி ஷோகன் இந்த வகைக்கு மிகச் சிறந்த பள்ளிக்கூடம் என்பேன். எடோ காலத்து ஜப்பான், ஐந்து பேர் கொண்ட குழு. ஹயாட்டோ ஷுரிகன் எனும் எறிகத்தியை வீசும் நிஞ்ஜா. முகென் வலிமை மிக்க சாமுராய், ஒரே நேரத்தில் இரண்டு உடல்களைச் சுமப்பார். யூகி பொறி வைத்துவிட்டுச் சீழ்க்கை ஒலியால் காவலரை அதற்குள் வரவழைக்கும் சிறுமி. ஐகோ மாறுவேடத்தில் நடமாடுவார். தகுமா தொலைவிலிருந்து சுடும் முதியவர்.

இரண்டு மூன்று நிமிடங்கள் வெறுமனே பாருங்கள். ஒரு காவலரைச் சொடுக்கினால் அவருடைய பார்வைக் கூம்பு தரையில் விரியும். ஒரு சமயத்தில் ஒருவருடையது மட்டும்தான் தெரியும், அதனால் ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். கூம்பில் இரண்டு பகுதிகள் உண்டு. நிறம் நிரம்பிய பகுதியில் நீங்கள் எப்படி இருந்தாலும் மாட்டிக்கொள்வீர்கள். கோடுகள் போட்ட பகுதியில் குனிந்து போனால் கண்ணில் படமாட்டீர்கள். கமாண்டோஸிலும் இதே போல் அருகே ஒரு பகுதி, தொலைவில் ஒரு பகுதி. தொலைவில் தவழ்ந்து போகலாம். தரையில் ஒரு குறியை வைத்து, அந்த இடத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கும் வசதியும் இந்த விளையாட்டுகளில் இருக்கிறது. புதியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரு காவலரைக் கொல்ல நினைக்கும் இடத்தில் அந்தக் குறியை வைத்துவிட்டு, அரை நிமிடம் காத்திருந்தால், எந்த நேரத்தில் அந்த இடம் பாதுகாப்பு என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பார்த்து முடித்ததும் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து வாருங்கள்: இவர்களில் யாரை யாருமே பார்க்கவில்லை?

ஒரு முற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒருவர் அசையாமல் நிற்கிறார், அந்த வாசல் வழியாகத்தான் நீங்கள் போயாக வேண்டும். கிணற்றடியில் நிற்கும் இரண்டாமவர் வாசல்காரரை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாமவர் முற்றத்தைச் சுற்றி நடக்கிறார். போகும் வழியில் இரண்டு பேரையும் பார்க்கிறார், ஆனால் களஞ்சியத்துக்குப் பின்னால் திரும்பும் சில நொடிகள் மட்டும் அவரை யாரும் பார்ப்பதில்லை. புதியவர்களின் கண் முதலில் வாசல்காரர் மேல்தான் போகும், தடையாக நிற்பவர் அவர் என்பதால். ஆனால் முதலில் விழ வேண்டியவர் நடப்பவர். களஞ்சியத்துக்குப் பின்னால் புதரில் யூகி காத்திருக்க, பொறி வழியில் இருக்க, அவர் அங்கேயே முடிந்துபோகிறார். உடல் புதருக்குள் போகிறது. இப்போது கிணற்றடிக்காரரை யாரும் பார்க்கவில்லை. பின்புறமாக ஹயாட்டோ வருகிறார். கடைசியாக வாசல்காரர், அவரை இப்போது யார் வேண்டுமானாலும் வீழ்த்தலாம். கடினமாகத் தெரிந்தது ஒரு சங்கிலி. அதன் அறுந்த முனையைக் கண்டுபிடித்தால் மீதி தானே அவிழும்.

சில இடங்களில் அறுந்த முனை இருக்காது. இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே இருவரும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். அதற்காகவே ஷேடோ டாக்டிக்ஸில் ஷேடோ மோடு என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு செயலை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, ஒரே விசையில் எல்லாவற்றையும் ஓடவிடலாம். இதே நிறுவனத்தின் டெஸ்பெரடோஸ் 3இல் (2020) ஷோடவுன் மோடு என்ற பெயரில் இது வருகிறது. மிகக் கடினமான நிலையைத் தவிர மற்ற நிலைகளில் நீங்கள் திட்டமிடும்வரை காலமே நின்றுவிடும். இதைக் கடைசி நேரக் கருவியாக ஒதுக்கி வைக்காமல், முதல் மிஷனிலிருந்தே பழகிக்கொள்ளுங்கள்.

காவலர்களின் வகைகளைப் பிரித்தறிவதும் இங்கே பாதி வேலை. முகென் வைக்கும் சாகே (அரிசி மது) குடுவையைக் கண்டால் சாதாரணக் காவலர் இடத்தைவிட்டு எடுக்க வருவார். வைக்கோல் தொப்பி அணிந்தவர் அசைய மாட்டார். சாமுராய்க்கு மாறுவேடமும் தெரிந்துவிடும், நேருக்கு நேர் அவரைத் தனியாக வீழ்த்த முகெனால்தான் முடியும்; மற்றவர்கள் என்றால் முதலில் ஒரு தோட்டா அவர் மேல் பாய்ந்து, அவர் நிலைகுலையும் அந்தச் சில நொடிகளில் முடிக்க வேண்டும். ஒரு மிஷனில் சாமுராய் நின்று, குழுவில் முகென் இல்லையென்றால், அவரைச் சுற்றிப் போக வழி இருக்கிறது அல்லது சுடுவதற்கு ஏதோ ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். முதல் படியில் சொன்ன துப்பு இதுதான்.

உடல்களை மறையுங்கள். நேரமாகிறது என்று விட்டுவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து வேறொரு காவலர் அந்த வழியாக வந்து கூச்சலிடுவார், காவல் வீடுகளிலிருந்து புதிய ஆட்கள் வருவார்கள். பனி படர்ந்த மிஷன்களில் உங்கள் காலடித் தடத்தையே காவலர்கள் பின்தொடர்வார்கள். அது ஆபத்து மட்டுமல்ல, அவர்களை ஒதுக்குப்புறத்துக்கு வரவழைக்கத் தூண்டிலும்கூட.

சேவ் விஷயத்தில் சண்டை மிஷனுக்குச் சொன்னதை இங்கே தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி சேவ் செய்யுங்கள், கூச்சமே வேண்டாம். ஷேடோ டாக்டிக்ஸ், கடைசியாக சேவ் செய்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைத் திரையிலேயே காட்டி நினைவூட்டுகிறது. முயன்று, பார்த்து, திரும்பி வந்து, மறுபடி முயல்வதற்காகவே அமைக்கப்பட்ட ஆட்டம் அது. ஆனால் ஒரு கவனம்: யாருடைய பார்வையிலும் இல்லாத, யாரும் நெருங்கி வராத நொடியில் சேவ் செய்யுங்கள். மாட்டிக்கொள்ளப்போகும் கணத்துக்குச் சற்று முன் சேவ் செய்து, பழையதையும் அழித்துவிட்டால் மிஷனை முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை. இரண்டு மூன்று சேவ்களை மாற்றி மாற்றி வையுங்கள்.

ஒரே இடத்தில் பல தடவை தோற்றால், வேகத்தைக் கூட்டாதீர்கள், வழியை மாற்றுங்கள். நல்ல புதிர் மிஷன்களில் ஒரு கோட்டைக்குள் நுழைய இரண்டு மூன்று வாசல்கள் இருக்கும். நொடிக்கணக்கில் துல்லியம் கேட்கும் வழி ஒன்று என்றால், நிதானமாகப் போகக்கூடிய வழி இன்னொன்று எங்கோ இருக்கும். காமிராவை நகர்த்தி வரைபடத்தின் ஓரங்களைப் பாருங்கள், கூரைகளைப் பாருங்கள்.

ஒன்று மற்றொன்றாக மாறும் கணம்

பல மிஷன்களில் இரண்டும் கலந்தே வரும். எப்போது மாறுகிறது என்று உணர்பவர் பிழைத்துக்கொள்வார்.

புதிர் மிஷனில் எச்சரிக்கை ஒலி கேட்டுவிட்டால், அந்த நொடியிலிருந்து நீங்கள் சண்டையில் இருக்கிறீர்கள், சண்டைக்குத் தகுதியில்லாத ஒரு குழுவோடு. நின்று சுடாதீர்கள். பார்வையை விட்டு விலகுங்கள், புதருக்குள்ளோ கூரை மேலோ ஒளிந்து அடங்கும்வரை காத்திருங்கள். அடங்கிய பிறகு வரைபடம் பழையது இல்லை. கூடுதல் காவலர்கள் வந்திருப்பார்கள், நடைகள் மாறியிருக்கும். மறுபடி முதலிலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் புதிய நிலைமை தாங்காது என்று தோன்றினால் சேவுக்குத் திரும்புவதில் தவறில்லை.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். எக்ஸ்காமில் இரண்டு செக்டாய்டுகள் மனத்தால் இணைந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று மற்றொன்றுக்கு வலிமை கொடுக்கும். வலிமை பெற்றது முன்னால் வந்து மிரட்டும், எல்லாரும் அதையே சுடுவார்கள். பின்னால் பதுங்கியிருந்து வலிமை கொடுப்பதைக் கொன்றால் இரண்டும் சேர்ந்து விழும். சண்டையின் நடுவே ஒரு குட்டிப் புதிர். அதே விளையாட்டில் வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் மிஷனும் உண்டு. நேரம் ஓடிக்கொண்டிருக்கும், வழியில் இருக்கும் மின் முனைகளைத் தொட்டால் வெடிக்கும் நேரம் தள்ளிப்போகும். எந்த முனையை யார், எந்த வரிசையில் தொடுவது என்பது புதிர். ஆனால் குண்டு அணைந்ததும் புதிய எதிரிகள் வந்து இறங்குவார்கள். அதனால் எல்லாரையும் குண்டைச் சுற்றி நிறுத்தாமல், இரண்டு பேரை வெளியே பார்த்தபடி மறைவில் வையுங்கள்.

2016இல் வந்த எக்ஸ்காம் 2 இந்த மாற்றத்தையே பல மிஷன்களின் அமைப்பாக ஆக்கிக்கொண்டது. உங்கள் குழு எதிரியின் கண்ணில் படாத நிலையில் மிஷன் தொடங்கும். எதிரி ரோந்து எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து, உயரமான இடத்தில் ஒருவர், இரு பக்கமும் இருவர் என்று நிறுத்தி, மற்ற எல்லாரையும் ஓவர்வாட்சில் வைத்துவிட்டு, ஒருவரை மட்டும் சுடச் சொல்ல வேண்டும். சிதறி ஓடும் எதிரிகள் மேல் மற்றவர்களின் தோட்டாக்கள் பாயும். முதல் தோட்டா வெளியேறும்வரை அது ஷேடோ டாக்டிக்ஸ் போன்ற ஆட்டம்: பொறுமை, பார்வை, வரிசை. அதற்குப் பின் சண்டை: மறைவு, சதவீதம், மிச்சம் வைத்த ஆள். பல மிஷன்களில் இத்தனை முறைகளுக்குள் முடிக்க வேண்டும் என்ற கணக்கும் ஓடுவதால் எல்லையில்லாமல் காத்திருக்கவும் முடியாது. இரண்டு பழக்கங்களும் கைவந்தவர்களுக்கு இதைவிட நிறைவான ஆட்டம் குறைவு.

எதிலிருந்து தொடங்குவது

முதலில் இன்டு தி பிரீச். ஒரு மோதல் சில முறைகளில் முடிந்துவிடும், ஏறத்தாழ எல்லாத் தகவலும் கண்முன் இருக்கும், நகர்வைத் திரும்பப் பெறலாம், ஒவ்வொரு மோதலிலும் ஒரு தடவை முழு முறையையும் மீட்டு ஆடலாம். எதிரி என்ன செய்யப்போகிறான் என்று யோசித்து ஆடும் பழக்கம் இதில் வந்துவிடும். பிறகு ஷேடோ டாக்டிக்ஸின் முதல் இரண்டு மூன்று மிஷன்கள், எளிய நிலையில். அதற்குப் பின் எக்ஸ்காம். 1998இன் கமாண்டோஸ் இன்றும் அழகான விளையாட்டு, ஆனால் அது புதியவர்களிடம் இரக்கம் காட்டுவதில்லை. மற்றவற்றில் கைதேர்ந்த பிறகு அதற்குப் போவது நல்லது.

ஒரே மிஷனை இரண்டாம் தடவை ஆடிப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். ஷேடோ டாக்டிக்ஸ், டெஸ்பெரடோஸ் 3 இரண்டிலும் மிஷன் முடிந்ததும் பட்டயங்களின் பட்டியல் வரும்: குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிப்பது, ஒரு குறிப்பிட்ட வழியைப் பயன்படுத்தாமல் முடிப்பது என்பது போல. அவற்றை வெல்வது அவசியமில்லை. ஆனால் படித்துப் பாருங்கள், நீங்கள் கவனிக்காமல் விட்ட வழிகள் அந்தப் பட்டியலில் இருக்கும். டெஸ்பெரடோஸ் 3 ஒரு படி மேலே போய், நீங்கள் ஆடிய விதத்தை முழு வரைபடத்தின் மேல் வேகமாக ஓட்டிக் காட்டுகிறது. அதில் உங்கள் ஆட்கள் நீண்ட நேரம் நகராமல் நின்ற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அந்த இடத்துக்கு வரும்போது, வேறொரு ஆளை வைத்து முயன்று பாருங்கள்.